இரவல் கவாத்து

வாளை இரவல் வாங்கலாம். அதைப் பிடிக்கும் கையை இரவல் வாங்க இயலுமா? இரு உலகப் போர்களிலும் நடுநிலை காத்த ஆப்கானிஸ்தானின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

முதல் உலகப் போரின்போது ஜெர்மானியத் தூதுக்குழு காபூலுக்கே வந்து அழைத்தும், அமீர் ஹபீபுல்லாஹ் கான் போரில் இறங்கவில்லை. அவர் மைந்தர் அமானுல்லாஹ் கான் 1919இல் அரியணை ஏறி, அவ்வாண்டே ஆங்கிலேயரோடு பொருது முழு விடுதலை பெற்றார். எனினும் அப்போரில் காபூல்மீது விழுந்த விமானக் குண்டுகள், பழைய படை இனி உதவாது என்பதை உணர்த்தின.

புதுப்படை அமைக்க ஆசான் யார்? கிழக்கிலும் தெற்கிலும் ஆங்கிலேயர், வடக்கில் ரஷ்யர். எல்லையில் நிற்பவரிடம் படையை ஒப்படைப்பது வீட்டுச் சாவியை ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். ரஷ்யரிடம் விமானங்களைப் பெற்றாலும், படைச் சீரமைப்புக்கு எல்லை தொடாத துருக்கியையே மன்னர் நாடினார். 1920இல் ஜமால் பாஷா காபூல் வந்தார். 1921ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி துருக்கி அதிகாரிகள் பயிற்சியளிக்க வந்தனர்.

ஆசானைத் தேர்ந்த விதத்தில் பிழையில்லை. பாடமே மண்ணுக்கு ஒவ்வவில்லை. அதுவரை அங்கு நிலவியது 'ஹஷ்த் நஃபரீ' முறை. பாரசீகத்தில் ஹஷ்த் என்றால் எட்டு. நஃபர் என்றால் ஆள். எட்டுப் பேரில் ஒருவரைக் குலத்தாரே தேர்ந்து அனுப்புவர். துருக்கியரின் ஆலோசனைப்படி அதற்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கிக் கட்டாயமாக ஆள் சேர்க்கும் முறை வந்தது. யாரை அனுப்புவது என்னும் உரிமை குலத்தாரின் கையைவிட்டு அரசிடம் சென்றது. 1924இல் கோஸ்த் பகுதியில் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். போர் அமைச்சராயிருந்த நாதிர் கான் இச்சீர்திருத்தப் போக்கோடு உடன்படாது, அவ்வாண்டே தூதராகப் பாரிசுக்குச் சென்றார்.

1928இன் இறுதியில் மீண்டும் கிளர்ச்சி வெடித்தபோது, குறைந்த ஊதியத்தால் மனம் நொந்திருந்த படை மன்னரைக் காக்கவில்லை. 1929 ஜனவரியில் அவர் முடி துறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நாதிர் கான் காபூலை மீட்டது குலத்தாரின் துணைகொண்டே. மன்னரானபின் அவர், தமக்குத் துணைநின்ற தென்பகுதிக் குலத்தாருக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலக்களித்தார். ஆயினும் அயல்நாட்டுப் பயிற்சியைக் கைவிடவில்லை; துருக்கி அதிகாரிகள் பின்னரும் வந்தனர். கற்பது தொடர்ந்தது, கற்றதை நாட்டுக்கேற்ப அளந்து கொள்வது புதிதாய்ச் சேர்ந்தது.

1941இல் ஜெர்மானியரையும் இத்தாலியரையும் வெளியேற்றுமாறு ஆங்கிலேயரும் ரஷ்யரும் வற்புறுத்தியபோது, அரசு அவர்களைத் தாயகம் அனுப்பிற்று. ஆயினும் போரில் சேரவில்லை. நவம்பரில் கூடிய லோயா ஜிர்கா நடுநிலையை உறுதி செய்தது. முன்னர் அரசு கேளாது விட்ட குலத்தலைவர்களும் அம்மன்றத்தில் அமர்ந்திருந்தனர்.

கவாத்தை அயலாரிடம் கற்கலாம். வீரன் எவருக்காக நிற்கிறான் என்பதை மட்டும் அவன் சொந்த ஊரே அவனுக்குக் கற்பித்தாக வேண்டும்.