பீப்பாயைக் காத்தது எது? பிரிட்டனின் காஸ்க் ஏலும் பப் உடைமையும்

பிரிட்டனில் காஸ்க் ஏல் பிழைத்த கதையை நாக்கின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். பெரிய ஆலைகள் சப்பென்ற பீரை ஊர் முழுக்கத் திணித்தன; 1971இல் நான்கு பேர் கூடி, பின்னர் காம்ரா எனப் பெயர்பெற்ற நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினார்கள்; குடிப்பவர்கள் விழித்துக்கொண்டார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விரும்பிக் கேட்க ஆள் இருந்தால் மட்டும் ஒரு பீர் பப்புக்குள் நுழைந்துவிடாது. அந்த பப் யாருக்குச் சொந்தம், பீருக்கு வரி எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளே உள்ளூர்ச் சிற்றாலைகளின் தலையெழுத்தைப் பெரிதும் தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

காரணம் காஸ்க் ஏலின் இயல்பிலேயே இருக்கிறது. அந்நாளைய கெக் பீர் ஆலையிலேயே வடிகட்டப்பட்டு, சூடாக்கப்பட்டு, வாயு அழுத்தத்தில் அடைபட்டு வந்தது. வாரக்கணக்கில் கெடாது, எவ்வளவு தூரமும் போகும். காஸ்க் ஏலோ உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாய்க்குள் போகிறது. பப்பின் நிலவறையில்தான் இரண்டாம் முறை நொதித்துப் பக்குவமாகிறது. அறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கசடு அடியில் தங்கும்வரை பீப்பாயை அசைக்கக் கூடாது. கைப்பம்பால் இறைக்க இறைக்கக் காற்று உள்ளே புகுவதால், திறந்த பீப்பாயை ஏறத்தாழ மூன்று நாளில் விற்றுத் தீர்த்தாக வேண்டும். வழக்கமான ‘ஃபர்கின்’ பீப்பாய் ஒன்றில் 72 பைன்ட் கொள்ளும். பாதி வேலை ஆலையில், மீதி வேலை பப்பில். பப் நடத்துபவருக்கு அக்கறையோ ஓயாத விற்பனையோ இல்லையென்றால், கைதேர்ந்தவர் வடித்த ஏலும் புளித்துத்தான் போகும்.

அந்த பப்களில் பெரும்பாலானவை நெடுங்காலம் ஆலைகளின் சொத்தாகவே இருந்தன; எந்த ஆலையின் பப்போ அந்த ஆலையின் சரக்குதான் அங்கே ஓடும். இந்தப் பிணைப்பே ‘கட்டு’. 1960களின் இணைப்புகளுக்குப் பின் ஆறு நிறுவனங்கள் சந்தையைப் பிடித்தன. அவற்றுள் ஒன்றான வாட்னியின் ‘ரெட் பேரல்’ கெக் பீர், பின்னாளில் இயக்கத்தாரின் கேலிப்பொருளாக நிலைத்துவிட்டது. தமக்கான பீரைத் தாமே வடித்த பழைய பப்கள் 1970களின் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் நான்கே மிஞ்சின.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும்: சட்டம் எதுவும் மாறாத 1970களிலேயே மறுமலர்ச்சி தொடங்கிவிட்டதே? தொடங்கியது உண்மை. ஆனால் எங்கே என்று பார்க்க வேண்டும். லண்டனின் யங்ஸ், சசெக்ஸின் ஹார்விஸ், யார்க்ஷயரின் டிமோதி டெய்லர் போன்ற குடும்ப ஆலைகள் காஸ்க்கைக் கைவிடாமல் இருக்க முடிந்ததற்கு, சொந்த பப்கள் கையில் இருந்தது பெருந்துணை. 1979இல் டேவிட் புரூஸ் லண்டனில் ‘கூஸ் அண்ட் ஃபர்கின்’ பப்பைத் திறந்து அதற்குள்ளேயே பீர் வடித்தார். வடிக்கும் இடமும் விற்கும் இடமும் ஒரே கையில் இருந்தன. சொந்த பப் இல்லாத புதியவர்களுக்கு, எந்த ஆலைக்கும் கட்டுப்படாத சில பப்களே கதி. இந்த மறுப்பு, கூர்ந்து பார்த்தால், உடைமை பற்றிய வாதத்துக்கே சான்றாகிறது.

அடைத்த கதவைத் திறக்க முயன்றது 1989இன் பீர் ஆணை. 2,000க்கு மேல் பப் வைத்திருந்த ஆலைகள், அதற்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். அந்த ஆலைகளின் கட்டுக்குள் இருக்கும் பப்களும் வேறு ஆலையின் காஸ்க் ஏல் ஒன்றை விருந்தாளி பீராக விற்கலாம். சலுகை காஸ்க்குக்கு என்றே எழுதப்பட்டதைக் கவனிக்க வேண்டும். ஆணை தோற்றுவிட்டது என்பாரும் உண்டு: ஆலைகள் விற்ற பப்களைப் பெருநிறுவனங்கள் வாங்கிக் குவித்தன, கட்டு கைமாறியதே ஒழிய அறுபடவில்லை. இதை மறுக்க முடியாது. 2003இல் ஆணையே நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் வந்த வரிச்சலுகை வேறு பக்கத்திலிருந்து உதவியது. ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர்வரை வடிக்கும் ஆலைக்குத் தீர்வை பாதியானது. அடுத்த பத்தாண்டுகளில் சிற்றாலைகள் பெருகியதை இந்தச் சலுகையைத் தவிர்த்து விளக்குவது கடினம்.

சிற்றாலைகளின் புதுப்பாணி பீரான ‘கிராஃப்ட் பீர்’ அமெரிக்காவிலிருந்து வந்தது, காஸ்க்குக்கு அதில் பங்கில்லை என்பது இன்னொரு மறுப்பு. 1976இல் கலிபோர்னியாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கிய ஜாக் மெக்காலிஃப், கடற்படைப் பணியில் ஸ்காட்லாந்தில் இருந்தபோது பிரிட்டிஷ் ஏலைச் சுவைத்தவர். பீக் மாவட்டத்தின் தார்ன்பிரிட்ஜ், அமெரிக்க ஹாப்ஸின் மணத்தோடு 2005இல் தந்த ‘ஜெய்ப்பூர்’ காஸ்க்கில்தான் பெயரெடுத்தது. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்திருக்கிறது. பிரிந்துபோனவர்களும் உண்டு: மான்செஸ்டரின் க்ளவுட்வாட்டர் 2017இல் காஸ்க்கை நிறுத்தியபோது, பப்கள் கொடுக்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்பதும் அது சொன்ன காரணங்களுள் ஒன்று. சிறிது காலத்தில் திரும்பியும் வந்தது. உடைமைக் கேள்வியும் இன்னும் முடியவில்லை. 2021இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், கட்டுக்குட்பட்ட பப்களுக்கான சட்டத்தில் விருந்தாளி பீர் உரிமைக்கு மறுபடி இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் 2016 முதல் உள்ள பப் விதிமுறை, பெரிய நிறுவனங்களின் குத்தகைதாரர்கள் சந்தை வாடகை கொடுத்துக் கட்டிலிருந்து முழுதாக வெளியேறக் கேட்க வழிசெய்கிறதே தவிர, கட்டுக்குள் இருந்துகொண்டே பக்கத்து ஊர் ஆலையின் ஒரு பீப்பாயை இறக்கிக்கொள்ளும் உரிமையைத் தரவில்லை.