எல்லைக் கிராமங்களின் பாம்புகளும் அவற்றின் பெயர்களும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. அடுத்துள்ள நெய்யாற்றின்கரைத் தாலுகா, பாறசாலை உட்பட, கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே வழங்குகின்றன. இப்பகுதியிலிருந்து பிழைப்பு நாடி வெளிமாநிலம் சென்ற நேயர்களுக்கு, வாழைத் தோட்டத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் எதிர்ப்படும் பாம்பை நாம் அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. அதன் பெயரைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் நல்ல பாம்பு என்பதை மலையாளத்தார் மூர்க்கன் என்பர். கண்ணாடி விரியன் அங்கே அணலி, கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நமக்கு இது ஒரு விருந்து. பழைய விஷ வைத்திய நூல்களோ படமெடுப்பன, உடலில் வட்டமுடையன, கோடுடையன எனப் பகுத்து, தர்வீகரம், மண்டலி, ராஜிலம் எனப் பெயரிட்டன. விரியன்கள் மண்டலியுள் அடங்கும்.

மேனாட்டு முறையில் இந்நாட்டுப் பாம்புகளைப் பட்டியலிட்டவர் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த ஹரால்டு பெர்குசன். 1888 முதல் 1895 வரை திருவிதாங்கூரில் பிடிபட்டவற்றின் பட்டியலை அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் விஷமுறிவு மருந்தை ஆக்கினார். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது அம்முறை. இந்தியாவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சைக் கொண்டு அம்மருந்து செய்யப்படுகிறது. 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் அந்நஞ்சைத் திரட்டித் தருகின்றனர்.

நான்கு என்ற அந்த எண்ணே ஒரு மயக்கத்திற்கும் இடமளித்தது. சருகின் நிறமும், மேல்நோக்கிய மூக்கு நுனியும் உடையது குழிவிரியன். பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் அடங்கும். 1820-இலேயே மெர்ரெம் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு அறிவியற் பெயரிட்டார். எனினும் இதன் கடி உயிருக்கு ஊறு செய்யாது என்றே இந்நாட்டில் நெடுநாள் கருதப்பட்டது. 2007-இல்தான் கொச்சி மருத்துவர்கள், இது கடித்தோருக்குக் குருதி உறையாமையும் சிறுநீரகச் செயலிழப்பும் நேர்ந்ததை உறுதிப்படுத்தி வெளியிட்டனர். இதைச் சுருட்டை விரியனென்று கொண்டதும் உண்டு. அப்பெயரை நம்பி ஊசி மருந்தை மேன்மேலும் ஏற்றினாலும் பயனில்லை. அம்மருந்தில் இதற்கு முறிவு இல்லை. இலங்கையில் நச்சுப் பாம்புக் கடிகளுள் இதனுடையதே மிகுதி. அங்ஙனமிருக்க நாம் இத்துணைக் காலம் வாளாவிருந்தது வியப்பே.

சுருட்டை விரியன் வறண்ட திறந்த நிலத்தை நாடும். குழிவிரியன் ஈரச் சருகில் சுருண்டு கிடக்கும். விடியுமுன் ரப்பர் வெட்டச் செல்வோர் விளக்கும் காலணியும் இன்றிச் செல்லலாகாது. பாம்பைக் கண்டால் அசையாது நின்று, பின் மெல்ல விலகுக. கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்குதலும் கீறுதலும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனை சேர்க. பாம்பைத் தேடிக் கொல்வதில் காலம் கழிக்க வேண்டா. பெயர் தெரியாவிடின் ஊகித்துச் சொல்லாது, கண்ட நிறத்தையும் இடத்தையும் சொல்க. மருத்துவர் சிறிது குருதியைக் கண்ணாடிக் குழலில் 20 நிமிடம் அசையாது வைத்து, அது உறைகின்றதா எனப் பார்ப்பார்.