விரல் தூக்கும் உத்தியோகம்

வடசென்னையில் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வியாசர்பாடிக்காரர் கால்பந்து என்பார். ராயபுரத்துக்காரர் குத்துச்சண்டை என்பார். காசிமேட்டுப் பக்கம் போனால் கேரம் போர்டு. எந்த ஆட்டமானாலும் ஜெயித்தவர் பெயர் நினைவிருக்கும். தோற்றவர் பெயர்கூடச் சில சமயம் நினைவிருக்கும். விசில் ஊதியவர் யார், விரல் தூக்கியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. தப்பாகத் தூக்கியிருந்தால் மட்டும் தெரியும்.

அந்த மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒருவர் எப்படி அம்பயர் ஆகிறார், எப்படிப் படிப்படியாக மேலே போகிறார், அந்த ஏணி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் நம் சென்னைக்காரர்களை வைத்தே சொல்லிவிடலாம்.

தெருவில் ஆடும்போது பேட்டிங் பக்கத்து ஆள்தான் அம்பயர். அதனால் எல்.பி.டபிள்யூ. கிடையவே கிடையாது. ரன் அவுட் என்றால் சண்டை. கொஞ்சம் வளர்ந்து கம்பெனி மேட்ச் என்று வரும்போதுதான் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரை முதன்முதலாகப் பார்ப்போம். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஃபேக்டரிகளில் வேலை பார்த்த என் வயதுக்காரர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவிருக்கும். கயிற்று மேட்டிங் விரித்து நான்கு பக்கமும் ஆணி அடித்து, வெயில் ஏறுவதற்குள் டாஸ் போட்டுவிடுவோம்.

எங்கள் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் ஒரு பெரியவர் இருந்தார். ஆட்டக்காரராக அவர் சுமார்தான். ஆனால் அம்பயராக நின்றால் இரண்டு பக்கமும் வாயைத் திறக்காது. கோட்டின் இடது பையில் ஆறு புளியங்கொட்டை. ஒரு பந்து விழுந்தால் ஒன்று வலது பைக்குப் போகும். இடது பை காலியானால் ஓவர் முடிந்தது. அப்பீல் வந்தால் உடனே பதில் சொல்ல மாட்டார். மனதுக்குள் மூன்று எண்ணுவார். "பந்து போன வழியில கண்ணு திரும்பிப் போயிட்டு வரணும்ப்பா" என்பார். பிற்காலத்தில் டிவியில் பெரிய அம்பயர்கள் எல்லாம் அதே மாதிரி நிதானிப்பதைப் பார்க்கும்போது அவர் நினைவு வரும்.

அந்த மூன்று விநாடிக்குள் அவர் செய்ய வேண்டிய வேலை என்ன? எல்.பி.டபிள்யூ. அப்பீலை எடுத்துக்கொள்வோம். பௌலரின் முன்னங்கால் கோட்டைத் தாண்டவில்லையே என்று முதலில் கீழே பார்த்திருக்க வேண்டும். உடனே கண்ணை நிமிர்த்திப் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா, காலில் படும்போது ஸ்டம்புக்கு நேராக இருந்ததா, பேட்டில் முதலில் உரசியதா, கால் குறுக்கே இல்லாவிட்டால் ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் விடை கிடைத்த பிறகுதான் விரல். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் விரல் எழும்பக் கூடாது.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் அம்பயருக்கு வேலை வேறு மாதிரி. கேட்சருக்குப் பின்னால் குனிந்து நின்று, அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் அது சரியான பந்தா இல்லையா என்று அவரே சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் பக்கம் கேட்டால்தான் அம்பயர் பதில் சொல்லலாம். ஆட்டக்காரர் அவுட் என்று தெரிந்தாலும், யாரும் கேட்காவிட்டால் அவுட் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கேட்டபோது மட்டும் பேசுவது என்பது எவ்வளவு கடினம் என்று குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

பேஸ்பாலில் அம்பயர் பள்ளிக்கூடத்தில் தேறி, சிறிய லீகுகளில் படிப்படியாக ஏறி, உச்சியிலுள்ள பெரிய லீகுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அங்கே இருப்பது 76 இடங்கள்தான். நம் நாட்டில் மாநிலச் சங்கத்தின் தேர்வு, அப்புறம் கடைசி டிவிஷன் லீக், அங்கிருந்து மேல் டிவிஷன், பிறகு இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தேர்வு, ஜூனியர் ஆட்டங்கள், ரஞ்சி, அதற்கும் மேலே சர்வதேசப் பட்டியல் என்று ஏணி போகிறது.

தேர்வு சுலபம் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் அகமதாபாத்தில் வாரியம் நடத்திய தேர்வுக்கு 140 பேர் வந்தார்கள். தேறியவர்கள் 3 பேர். ஜூனியர், மகளிர் ஆட்டங்களுக்கான அம்பயர்களைத் தேர்ந்தெடுக்கத்தான் அந்தத் தேர்வு. அதில் வந்த ஒரு கேள்வி: மரத்தின் நிழலோ ஃபீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது என்று பேட்ஸ்மேன் புகார் சொன்னால் என்ன செய்வீர்கள்? மரத்தின் நிழலைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும், அசைந்தால் அந்தப் பந்தை டெட் பால் என்று அறிவிக்க வேண்டும். இன்னொன்று: பௌலரின் விரலில் உண்மையிலேயே காயம், பிளாஸ்திரியை எடுத்தால் ரத்தம் வரும், எடுக்கச் சொல்வீர்களா? பந்து போட வேண்டுமென்றால் எடுத்தே ஆக வேண்டும்.

இவ்வளவு படித்து, வருடக்கணக்கில் வெயிலில் நின்று மேலே வந்த பிறகு, ஒரே ஒரு பந்தில் எல்லாம் முடிந்துபோகலாம். அதை நம் சேப்பாக்கத்திலேயே பார்த்தோம்.

1986 செப்டம்பர் 22. இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்டின் ஐந்தாம் நாள். டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தாரே, அதே ஆட்டம். இந்தியாவுக்கு 348 வேண்டும். கடைசி ஓவரில் ஸ்கோர் சமமாகிவிட்டது. ரவி சாஸ்திரி 48-இல் எதிர் முனையில் நிற்கிறார். ஐந்தாவது பந்து மனிந்தர் சிங்கின் காலில் பட, கிரெக் மாத்யூஸ் கத்த, அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை'. பேட்டில் பட்டது என்றார் மனிந்தர். தன் முடிவு சரிதான் என்று விக்ரம்ராஜு கடைசிவரை சொன்னார். அது அவருக்கு இரண்டாவது டெஸ்ட். அதற்குப் பிறகு அவர் இன்னொரு டெஸ்டில் நிற்கவே இல்லை.

2010 ஜூன் 2-ஆம் தேதி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று நடந்தது. கலாராகா என்ற பௌலர் ஒருவரைக்கூட ஏற விடாமல் 26 பேரை வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒருவர் போனால் மிக அபூர்வமான சாதனை. அந்த 27-ஆவது ஆள் அவுட். ஆனால் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்து படத்தைப் போட்டுப் பார்த்ததும், தப்பு என்னுடையதுதான் என்று நேரில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்தில் அணிப் பட்டியலை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தவர் அதே கலாராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர் பெரிய லீகில் நின்றார். அங்கே தப்பென்று தெரிந்த பிறகும் ஏணியில் இடம் இருந்தது. இங்கே தப்பா சரியா என்று தீராமலேயே ஒருவருடைய டெஸ்ட் கணக்கு முடிந்துபோனது.

சொந்த ஊர் அம்பயர் என்ற சந்தேகம் அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் இருந்தது. அதே 1986 நவம்பரில் இம்ரான் கான் முயற்சியால், லாகூரில் நடந்த பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டுக்கு மூன்றாவது நாட்டு அம்பயர்களை அழைத்தார்கள். போனவர்கள் இருவரும் இந்தியர்கள், வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும். அந்த யோசனை பிடித்துப்போய், 1994-இல் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு வெளிநாட்டு அம்பயர் என்ற ஏற்பாடு வந்தது.

அந்தக் கதவு திறந்த நேரத்தில் உள்ளே போனவர் நம் வெங்கட்ராகவன். 1965-இல் 19 வயதில் மெட்ராஸ் டெஸ்டில் அறிமுகம். அதே தொடரின் டெல்லி டெஸ்டில் 12 விக்கெட். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 57 டெஸ்டில் 156 விக்கெட், 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் கேப்டன். இவ்வளவையும் முடித்துவிட்டு, 47 வயதில், 1993 ஜனவரியில் சர்வதேச அம்பயராகக் களத்தில் இறங்கினார். 2004 வரை 73 டெஸ்ட். 2002-இல் எலைட் பட்டியல் தொடங்கியபோது அதில் இருந்த ஒரே இந்தியர். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213-இல் சமமாக நின்றபோது, களத்தில் இருந்த இரண்டு அம்பயர்களில் ஒருவர் அவர்தான். முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அரிது. ஆனால் அவர் நிற்கும் ஆட்டம் என்றால் இரண்டு கேப்டன்களுக்கும் நிம்மதி.

வெங்கட்டின் வழி பெரிய ஆட்டக்காரரின் வழி. எஸ். ரவி வந்தது வேறு வழி. ஆட்டக்காரராக ஊருக்குத் தெரிந்தவரில்லை. சென்னையின் லீக் ஆட்டங்களில் நின்று நின்று மேலே வந்து 2015-இல் எலைட் பட்டியலில் இடம்பிடித்தார். வெங்கட்டுக்குப் பிறகு அங்கே போன முதல் இந்தியர் அவர்தான். 33 டெஸ்டில் நின்றவர். ஆனால் இளைஞர்களிடம் கேட்டால் 2019 ஐ.பி.எல்.லில் மலிங்கா போட்ட கடைசிப் பந்து நோ பால், அதைக் கவனிக்காதவர் என்றுதான் சொல்வார்கள். முன்னங்கால் நோ பாலை இப்போது மூன்றாவது அம்பயர் திரையில் பார்த்துச் சொல்கிறார். ஒரு ஆளின் இரண்டு கண் ஒரே நேரத்தில் கீழேயும் எதிரேயும் பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆனது.

நம் பக்கத்துக் கால்பந்து ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்திய அணி இதுவரை ஆடாத உலகக் கோப்பையில், 2002-இல், துணை நடுவராகக் கொடி பிடித்து ஓடியவர் தமிழ்நாட்டின் கோமளீஸ்வரன் சங்கர். பதினோரு பேர் போக முடியாத இடத்துக்கு ஒருவர் போய் வந்தார். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

மூன்றாவது வழி, கதவே இல்லாத இடத்தில் தட்டியவர்களுடையது. சென்னைப் பெண் நாராயணன் ஜனனி ஐ.டி. வேலையில் இருந்தவர். அம்பயர் ஆக வேண்டும் என்று மாநிலச் சங்கத்தைக் கேட்டபோது, பெண்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. மறுபடியும் கேட்டார். 2015-இல் விதி மாறியது. 2018-இல் வாரியத் தேர்வில் தேறினார், வேலையை விட்டார். 2023 ஜனவரியில் ரஞ்சி கோப்பையில் முதன்முதலாக மூன்று பெண் அம்பயர்கள் நின்றார்கள்: ஜனனி, விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன். 2025 மகளிர் உலகக் கோப்பையை முழுக்கப் பெண் நடுவர்களே நடத்தினார்கள், அதிலும் இந்த மூவர் உண்டு.

இதில் அமெரிக்காவைவிட நாம் பின்தங்கவில்லை. அங்கே பாம் போஸ்டெமா என்ற பெண் 1977 முதல் 13 சீசன் சிறிய லீகுகளில் நின்றார். உச்சிக்கு ஒரு படி கீழே நிறுத்தி, 1989-இல் அனுப்பிவிட்டார்கள். பெரிய லீகில் ஒரு பெண் முதன்முதலாக நின்றது 2025 ஆகஸ்ட் 9-இல்தான். அவர் ஜென் பாவல்.

எங்கள் ஸ்டோர்ஸ் பெரியவருக்கு எந்த வழியும் அமையவில்லை. சங்கத் தேர்வில் தேறியவர், இரண்டு டிவிஷன் மேலேயும் போனார். அதற்கு மேல் ஆட்டங்கள் வேலை நாளில் வரும். ரஞ்சி என்றால் மூன்று நாள், பயணத்தோடு ஐந்து நாள். கம்பெனி டீமில் ஆடுபவனுக்கு 'ஆன் டூட்டி' உண்டு, அம்பயருக்குக் கிடையாது. சம்பளத்தை விட்டுவிட்டுப் போக நான்கு பிள்ளைகளின் தகப்பனால் முடியவில்லை. சட்டம் தெரியாமலோ கண் போதாமலோ அவர் நின்றுவிடவில்லை. லீவு இல்லாததால் நின்றுவிட்டார். இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் அவரைப் போல எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்து இரவு விதிப் புத்தகம் படித்தவர்கள், ஒரு டெஸ்ட் ஆட்டத்தை முன் வரிசையில் உட்கார்ந்துகூடப் பார்க்காதவர்கள்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அம்பயர் வேலையை நம்பியே பிழைக்க முடிகிறது. 1992-இல் டர்பனில் டெண்டுல்கரை முதன்முதலாகத் திரையைப் பார்த்து ரன் அவுட் கொடுத்தார்கள். 2008-இல் அம்பயர் முடிவையே மேல்முறையீடு செய்யும் முறை சோதனைக்கு வந்தது. இன்று விக்ரம்ராஜு விரல் தூக்கியிருந்தால், ஒரு நிமிடத்தில் சரியா தப்பா என்று தெரிந்திருக்கும். யாருக்கும் வாழ்நாள் முழுக்கச் சந்தேகம் இருந்திருக்காது. இயந்திரம் அம்பயரின் வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

உங்கள் பேரனோ பேத்தியோ கிரிக்கெட் பைத்தியமாக இருந்து, பேட்டிங்கும் வரவில்லை, பௌலிங்கும் வரவில்லை என்று சோர்ந்து உட்கார்ந்தால், விதிப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். மொத்தம் 42 சட்டம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன்கள் ஆடும்போது போய் நிற்கச் சொல்லுங்கள். முதல் மாதம் எல்லோரும் திட்டுவார்கள். இரண்டாவது மாதம் அவர்களே வந்து, நீயே நில்லு என்று கூப்பிட்டால், பிள்ளை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சங்கத் தேர்வெல்லாம் அதற்கப்புறம்தான்.