எந்த ஸ்டேஷன் எல்லை?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் ரோடு பிரியும் இடத்தில் காலை ஷிப்ட் நேரத்துக்கு நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் பலருக்கு இது சொந்த ஊர் இல்லை. வேலைக்காக வந்தவர்கள் நிறைய. வீட்டில் இருக்க முடியாமல் வந்தவர்களும் உண்டு.

2017இல் நான் குடியிருந்த லைன் வீட்டில், பக்கத்து ரூம் அக்கா இரண்டாவது ரகம். புருஷனிடம் அடி தாங்காமல் வந்து ஒரகடத்தில் வேலையில் சேர்ந்திருந்தார். மனு கொடுக்க ஒரு ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி: "சம்பவம் எங்கம்மா நடந்துச்சு?" ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அப்ப அங்க போய்க் குடுங்க." திரும்பி வரும்போது அக்கா கேட்டார்: "அடி வாங்குன ஊருக்கே திரும்பப் போயா தம்பி மனு குடுக்கணும்?"

அந்தக் கேள்வியைத் தேடிப்போனபோதுதான் அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமையைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு 1983இல் வந்தது. உடல் கொடுமை மட்டுமில்லை, மனக் கொடுமையும் அதில் அடக்கம். ஆனால் எங்கே விசாரிப்பது என்பதற்குப் பழைய விதிதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 177ஆவது பிரிவு, குற்றம் நடந்த எல்லைக்குள்தான் சாதாரணமாக விசாரணை என்றது. திருட்டுக்கும் அடிதடிக்கும் இது சரி. தப்பி ஓடி வந்தவளுக்கு?

நம் ஊர் வழக்கே இருக்கிறது. 1997இல் நாகர்கோவிலை விட்டுச் சென்னை வந்த ஒரு பெண் சென்னையில் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. கொடுமையாகச் சொல்லப்படுவது எதுவும் சென்னையில் நடக்கவில்லை, புகாரைத் திருப்பி வாங்கி உரிய நீதிமன்றத்தில் கொடுக்கலாம் என்று 2004 ஆகஸ்டில் தீர்ப்பு. ஊரை விட்டு வந்து ஏழு வருஷம் கழித்து, ஆரம்பித்த இடத்துக்கே போ என்றாகிவிட்டது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் தர்க்கம் இல்லாமல் இல்லை. அந்தப் பெண் ஏன் ஓடி வந்தார் என்பதற்குத்தான் அதில் இடமில்லை.

அதே காலத்தில் டெல்லியில் இன்னொரு சண்டை. 2002 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அரசு ஒரு குடும்ப வன்முறை மசோதாவைக் கொண்டுவந்தது. 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை என்பது போல அதில் ஒரு வரையறை! எத்தனை தடவை அடித்தால் வழக்கம்? இந்திரா ஜெய்சிங்கின் லாயர்ஸ் கலெக்டிவும் பெண்கள் அமைப்புகளும் எதிர்த்து நின்றன. கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்த பெண்களின் அனுபவம்தான் அவர்கள் கையில் இருந்த ஆதாரம். அந்த மசோதா சட்டமாகவில்லை. 2005இல் வேறு சட்டம் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்தது.

அதன் 27ஆவது பிரிவை நிறுத்திப் படிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடம், தொழில் செய்யும் இடம், வேலை பார்க்கும் இடம், இதில் எந்த எல்லையிலுள்ள மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். தற்காலிகமாக என்ற ஒரு சொல்லில் நம்ம லைன் வீடு மொத்தமும் அடங்கிவிடுகிறது. ஆனால் இது பாதுகாப்பு உத்தரவு, வசிக்கும் உரிமை, ஜீவனாம்சம் போன்றவற்றுக்கு. 498-ஏ வழக்குக்குப் பழைய குழப்பம் தொடர்ந்தது.

அது தீர்ந்தது 2019 ஏப்ரல் 9இல், ரூபாலி தேவி வழக்கில். அடி நின்றாலும் அதன் மன வேதனை அவள் தஞ்சம் புகுந்த வீட்டிலும் தொடர்கிறது. ஆகவே அங்கேயும் வழக்குத் தொடரலாம் என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. இதற்கு அவர்கள் துணைக்கு எடுத்துக்கொண்டது 2005ஆம் வருஷச் சட்டத்தில் இருந்த வரையறையைத்தான். 2024 ஜூலை 1 முதல் புதிய நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று எழுதியே வைத்துவிட்டது.

2017இல் அந்த ஸ்டேஷன்காரர் சொன்னதும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பாதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. இப்போது மாவட்டம் பிரிந்து சிங்கப்பெருமாள் கோவில் செங்கல்பட்டிலும் ஒரகடம் காஞ்சிபுரத்திலும் இருக்கின்றன. 27ஆவது பிரிவின்படி அக்காவுக்கு இரண்டு பக்கமும் கதவு உண்டு.

அன்றைக்கு அவர் ஷிப்ட் முடிந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.