டச்சு நெறிமுறை

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு ஒத்துப்போக முடியாமல் தவிக்கும் வளரிளம் பருவத்தினருக்காக நெதர்லாந்தில் உருவான மருத்துவ முறை. உளவியலாளர் பெக்கி கோஹென்-கெட்டெனிஸ் 1987இல் உட்ரெக்ட் நகரில் இத்தகைய சிறாருக்கென ஒரு மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2002இல் அது ஆம்ஸ்டர்டாமுக்கு இடம்மாறியது. அவரும் ஹார்மோன் மருத்துவர் ஹென்ரியெட் டெலெமார்-வான் டி வாலும் 2006இல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்கு வடிவம் தந்தது: 12 வயது முதல் பருவ மாற்றங்களை நிறுத்திவைத்தல், 16இல் தாம் உணரும் பாலுக்குரிய ஹார்மோன், 18இல் அறுவை சிகிச்சை.

நிறுத்திவைக்கப் பயன்படுவது ட்ரிப்டோரெலின் போன்ற ஊசி மருந்து. மிக இளவயதிலேயே பூப்படையும் குழந்தைகளுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டு வந்ததுதான். பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு விட்டுவிட்டுத்தான் வரும். அதையே இடைவிடாமல் கொடுத்தால் சுரப்பி முதலில் தூண்டப்பட்டு, சில வாரங்களில் மரத்துப்போகிறது; பருவ மாற்றங்களும் நிற்கின்றன. மாறாக, பருவமடைதல் முடிந்துவிட்டால், உடைந்த குரல் எந்த ஹார்மோனாலும் பழையபடி ஆகாது. வளர்ந்த மார்பை அகற்ற அறுவைதான் வழி. அந்த நிலை வருமுன் யோசிக்க அவகாசம் தருவதே மருந்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

ஊசி மட்டுமே நெறிமுறை அல்ல. சிறுவயதிலேயே தொடங்கிப் பருவமடையும்போது தீவிரமடைந்த மனவுளைச்சல், குடும்பத்தின் ஆதரவு, சிகிச்சைக்குத் தடையாகும் வேறு மனநலச் சிக்கல் இல்லாமை ஆகியவற்றைப் பல மாதங்கள் ஆராய்ந்த பிறகே மருந்து. எலும்பு அடர்த்தி அவ்வப்போது அளக்கப்படும். பின்னாளில் குழந்தை பெறும் வாய்ப்பு குறையலாம் என்பதும் முன்கூட்டியே பேசப்படும். வெளிநாடுகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்த வேகத்தில் இந்த நிதானம் போய்ச் சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

2014இல் வெளியான ஆய்வு, சிகிச்சை முடித்த 55 பேரின் உளைச்சல் தணிந்து மனநலம் மேம்பட்டதாகக் காட்டியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை. தொடக்கத்தில் இருந்த 70 பேரில் ஒருவர் அறுவைக்குப் பிந்தைய சிக்கலால் இறந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பின்னர் பல நாடுகளில் இச்சிகிச்சைக்காக அனுப்பப்படுவோர் பெருகினர். வருவோரில் பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டவர்கள் மிகுந்தனர். பதின்பருவத்தில்தான் உளைச்சலை உணர்ந்தோரும் வரத் தொடங்கினர். பழைய முடிவுகள் இவர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. 2020இல் ஃபின்லாந்தும் 2022இல் ஸ்வீடனும் மருந்தைக் கட்டுப்படுத்தின. இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் மருத்துவர் ஹிலரி காஸ் தலைமையிலான ஆய்வுக் குழு, சான்றுகள் வலுவற்றவை என்று அறிக்கை தந்தது. அதற்கு முந்தைய மாதமே அங்கு வழக்கமான பரிந்துரை நிறுத்தப்பட்டிருந்தது. உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியோ, கவனமான மதிப்பீட்டுக்குப் பின் தரலாம் என்கிறது.

ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனையின் 2022 ஆய்வின்படி, இம்மருந்தில் தொடங்கி ஹார்மோனுக்குச் சென்ற 720 பேரில் 98 விழுக்காட்டினர் அப்போது ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்ந்துவந்தனர். சரியானவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதற்கு இது சான்று என்கின்றனர் ஆதரவாளர்கள். மருந்தைத் தொடங்கிய பின் முடிவை மாற்றுவோர் அரிதென்றால் அதை யோசிக்கும் அவகாசம் என்று எப்படி அழைப்பது என்று விமர்சகர்கள் கேட்கின்றனர்.