நீலாங்கரை மணலும் காத்திவாக்கத்துக் கல்லும்

கல்லூரி அறிவியல் மன்றம் என்றால் ஆண்டுக்கொரு கண்காட்சி, ஒரு வினாடி வினா, ஒரு சிறப்புரை என்று பழகிவிட்டோம். சென்னையில் 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் வழி வேறு. தை பிறந்தது முதல் பங்குனி முடிய, இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடப்பதே அவர்கள் வேலை. பங்குனி ஆமையின் துடுப்புத் தடம் தென்பட்டால் அதைத் தொடர்ந்துபோய்க் கூட்டைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு கூட்டில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். நாய்கள் தோண்டுமுன் எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்தால், 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலைக் கிளறி மேலே வரும்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு மிகுந்தால் பெண், தணிந்தால் ஆண். ஆகவே பொரிப்பகத்தில் எவ்வளவு நிழல் விழலாம் என்பதே ஓர் ஆய்வுக் கேள்வி. தேதியும் இடமும் முட்டைக் கணக்கும் எழுதிய மாணவன் படிப்பு முடிந்து போய்விடுவான். அடுத்த ஆண்டு வேறொரு மாணவி அந்தக் கணக்கைத் தொடர்வாள். முப்பது ஆண்டுக்கு மேல் அது அறுபடாததையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இது தென்சென்னைக் கரையின் கதை. வடசென்னைக் கரையின் கதை மணலிலேயே பிரிந்துவிட்டது. இக்கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவர் எழுந்ததும் அந்த மணல் மறிபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் நிலத்தைத் தின்றது. ஊரைக் காக்கக் கொட்டிய பாறாங்கல்லில் எந்த ஆமையும் ஏறி முட்டையிடாது. ஆனால் இன்னும் வடக்கே, பழவேற்காட்டு மணலில் ஆமைகள் முட்டையிடுகின்றன. எண்ணூரை ஒட்டிய நம் காத்திவாக்கம் அந்தப் பாறாங்கல்லுக்கும் இந்த மணலுக்கும் நடுவே இருக்கிறது.

2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் வாளியால் கசடு அள்ளியவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். அந்தக் கைகளில் அதற்கு முந்தைய பத்து ஆண்டின் கரைக் கணக்கும் இருந்திருந்தால், இழந்தது எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள்.

காத்திவாக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளே, வரும் தையில் ஒரு நோட்டு வாங்குங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் நண்டு பிடிக்கும் அண்ணன்மாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடங்கள். கடலரிப்பைத் தடுக்கக் கல்லால் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் எத்தனை அடி மிச்சம் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.