இ-சிகரெட்டுக்குள் ஒரு விளக்குத் திரி



சென்ற வாரம் அரிக்கேன் விளக்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், இங்கே என்னோடு தங்கியிருப்பவர் இ-சிகரெட்டில் அடிக்கடி காயிலைக் கழற்றிக் கழுவுகிறார், பஞ்சு மாற்றுகிறார். அதுவும் விளக்குத் திரி மாதிரிதானா? கழுவி மாற்றிக்கொண்டே இருந்தால் ஆபத்து இல்லை என்கிறாரே, நிஜமா?"

நல்ல கேள்வி. முதல் பாதிக்குப் பதில், ஆமாம், அதுவும் திரிதான். இரண்டாம் பாதிக்கு அப்படி ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திரியின் வேலை என்ன என்று பார்ப்போம். பஞ்சு இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் தானாக மேலே ஏறும். பாடத்தில் இதை நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்பீர்கள். மேலே வந்த எண்ணெய் ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. எண்ணெய் வந்துகொண்டிருக்கும்வரை திரி பெரிதாகக் கருகாது. எண்ணெய் தீர்ந்தால்தான் திரியே எரியத் தொடங்கும். வகுப்பில் காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தீயில் காட்டியது சிலருக்கு நினைவிருக்கலாம். தண்ணீர் இருக்கும்வரை காகிதம் எரியாது. திரவம் கொதிப்பதற்கே வெப்பம் செலவாகிவிடுவதால் காகிதத்தின் வெப்பநிலை அதற்கு மேல் ஏறுவதில்லை. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

திரி இருக்கும் இடத்தில் பராமரிப்பும் இருக்கும். நம் வீடுகளில் விளக்கின் திரியைத் தூண்டிவிடுவது, கரி தட்டுவது எல்லாம் அன்றாட வேலை. ஐரோப்பாவில் கொழுப்பு மெழுகுவத்தி எரித்த காலத்தில், கருகிய திரி நுனியைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுடர் மங்கிப் புகையும். அதற்கென்றே தனிக் கத்தரிகள் செய்தார்கள். 1780இல் ஜெனீவாக்காரரான அமி ஆர்கண்ட், குழாய் போல் வட்டமான திரியை வைத்து, அதன் உள்ளும் புறமும் காற்று போகும்படி ஒரு விளக்கை அமைத்தார். புகை குறைந்தது, வெளிச்சம் பல மடங்கு கூடியது. 1820களில் பிரான்சில் காம்பசேரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து, அதன் நுனி சுடரின் விளிம்புக்கு வந்து தானே சாம்பலாகிவிடும். கத்தரிக்கு வேலை இல்லை.

அடுத்தது கம்பி. மின்சாரத்தைக் கொண்டு சூடேற்றலாம் என்று தெரிந்தும், அதற்கு ஏற்ற கம்பி வெகுகாலம் கிடைக்கவில்லை. இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சினால் காற்றில் துருப்பிடித்து அற்றுவிடும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் விலை கட்டாது. அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து ஒரு கம்பி செய்து 1906இல் காப்புரிமை பெற்றார். அதுதான் நிக்ரோம். சூடானதும் அதன் மேல் குரோமியம் ஆக்ஸைடு மெல்லிய படலமாகப் படிந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. டோஸ்டர், மின் அடுப்பு, ஹேர் டிரையர் எல்லாம் இந்தக் கம்பியின் பிள்ளைகள். பின்னர் ஸ்வீடனில் ஹான்ஸ் ஃபான் கான்ட்சோவ், இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த இன்னொரு கம்பியைக் கொண்டுவந்தார். தன் பெயரின் முன்பகுதியையும், ஹால்ஸ்டாஹம்மார் என்ற ஊர்ப் பெயரின் முன்பகுதியையும் சேர்த்து அதற்குக் கான்தல் என்று பெயர் வைத்தார். இன்றும் இ-சிகரெட் காயில்களில் அதிகம் சுற்றப்படுவது இந்த இரண்டு வகைக் கம்பிகளும், துருப்பிடிக்காத எஃகும்தான்.

திரியையும் கம்பியையும் வாய்க்கு அருகே கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமும் புதிதல்ல. 1930இல் ஜோசப் ராபின்சன் என்பவர் மருந்தை மின்சாரத்தால் ஆவியாக்கி உறிஞ்சும் கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1963இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். 1965இல் காப்புரிமை கிடைத்தது, ஆனால் பொருள் கடைக்கு வரவில்லை. புகைப்பதால் புற்றுநோய் வருகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை வெளியிட்டதும் அதே காலத்தில்தான், 1964இல்.

பிறகு 2003. சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர். புகைப் பழக்கம் உள்ளவர், தந்தையை நுரையீரல் புற்றுநோயில் இழந்தவர். நிக்கோட்டின் கலந்த திரவத்தை மீயொலி அதிர்வால் நுண்துளிகளாக்கும் கருவியை அவர் உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே அந்த அதிர்வு முறை பின்னுக்குப் போய், சூடான கம்பிச் சுருளும் திரியும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மலிவு, எளிமை. இப்படித்தான் ஆர்கண்ட் காலத்துத் திரியும் மார்ஷ் காலத்துக் கம்பியும் ஒரு பேனா அளவுக் குழாய்க்குள் வந்து சேர்ந்தன.

உள்ளே நடப்பது இதுதான். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் சேர்ந்த திரவம் பஞ்சில் ஏறுகிறது. பஞ்சைச் சுற்றி அல்லது பஞ்சு நுழைந்த கம்பிச் சுருள் காய்கிறது. திரவம் ஆவியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து வெண்பனி போல் தெரிகிறது. புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிக்கும். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை கம்பியின் வெப்பம் ஒரு கட்டுக்குள் நிற்கும். காகிதக் கோப்பை விதி. பஞ்சு காய்ந்துவிட்டால் சில நொடிகளில் வெப்பம் எகிறும், பஞ்சு கருகும், கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்றவை உண்டாகும். அக்ரோலின் நமக்குப் புதிதல்ல. எண்ணெய்ச் சட்டி அதிகமாகக் காய்ந்தால் தொண்டையைக் கமறி, கண்ணைக் கரிக்கும் நெடி வருமே, அதில் இருப்பது அதுதான்.

இப்போது மாணவரின் நண்பர் செய்யும் வேலைக்கு வருவோம். திரவத்தில் சேர்க்கும் இனிப்பும் மணப்பொருள்களும் கம்பியின் மேல் பாகு காய்ந்தது போல் கருப்பாகப் படியும். அதன் பிறகு சுவை கெடும், கருகல் வாடை வரும். ஆரம்ப காலத்தில் திரிக்குச் சிலிக்கா கயிறு பயன்பட்டது. தாங்களே காயில் சுற்றிக்கொள்ளும் ஆர்வலர்கள் பிறகு பருத்திப் பஞ்சுக்கு மாறினார்கள். பழைய பஞ்சை உருவி எறிவார்கள். வெறும் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, கரியைச் சாம்பலாக்கி, ஆறவிட்டுக் கழுவித் துலக்குவார்கள். புதுப் பஞ்சு நுழைத்து, திரவம் ஊற வைத்து, சில நிமிடம் காத்திருப்பார்கள். பஞ்சை இறுக்கித் திணித்தால் திரவம் ஏறாது, தளர்வாக விட்டால் ஒழுகும். திரி ஸ்டவ்வுக்குத் திரி போட்டுப் பழகிய நம் அம்மாக்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மூடி ஒட்டி வரும் ஆயத்தக் காயில்களில் இது நடக்காது. உள்ளே இருக்கும் பஞ்சை எடுக்க முடியாது, வெந்நீரில் ஊறப்போட்டாலும் கருகிய பஞ்சு கருகியதுதான்.

இதில் ஓம் விதியும் வருகிறது. மின்கலம் 3.7 வோல்ட், காயிலின் மின்தடை 1.8 ஓம் என்றால் திறன் ஏறக்குறைய 7.6 வாட். அதிகப் புகை வேண்டும் என்று மின்தடையை 0.2 ஓமுக்குக் குறைத்தால் 68 வாட், மின்னோட்டம் 18 ஆம்பியருக்கு மேல். விரல் அளவு மின்கலத்திலிருந்து இவ்வளவு இழுத்தால் அது வெடிக்கவும் கூடும். விதியைப் பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம், விரல் பொசுங்கும்போதுதான் அது புத்தகத்துக்கு வெளியிலும் செல்லும் என்று தெரிகிறது.

சரி, ஒழுங்காகச் சுத்தம் செய்து, அடிக்கடி காயில் மாற்றினால் ஆபத்து போய்விடுமா? 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேர் அன்றாடம் பயன்படுத்திய கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். குப்பியில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் காயிலைத் தொட்டு ஆவியான பிறகு காரீயம், நிக்கல், குரோமியம், மாங்கனீஸ் எல்லாம் கூடியிருந்தன. இதில் நான் இரண்டு முறை படித்த இடம் ஒன்று உண்டு. காயிலை அடிக்கடி மாற்றுபவர்களின் கருவிகளில் உலோக அளவு குறைவாக இல்லை, அதிகமாக இருந்தது. புதுக் கம்பி உலோகத்தை எளிதாக விடுகிறது போலும் என்று அவர்கள் கருதினார்கள். பழைய காயிலில் கருகல், புதுக் காயிலில் உலோகம். விளக்குத் திரியைத் தூண்டினால் விளக்கு நன்றாக எரியும், அதோடு கதை முடிந்தது. இங்கே திரியின் மறுமுனையில் இருப்பது நுரையீரல்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் சிகரெட் பிடித்தவர்களில் சிலர் இதன் உதவியால் அதை விட்டிருக்கிறார்கள். 2019இல் இங்கிலாந்தில் 886 பேரிடம் நடந்த ஆய்வில், இ-சிகரெட் பயன்படுத்தியவர்களில் 18 சதவீதத்தினரும், நிக்கோட்டின் பட்டை, சூயிங் கம் போன்றவை பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதத்தினரும் ஓர் ஆண்டு கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். அந்த உண்மையை மறைக்கக் கூடாது. ஆனால் அது ஏற்கெனவே புகைத்தவர்களின் கணக்கு. ஒருபோதும் புகைக்காத பிள்ளைக்கு அதில் எந்த லாபமும் இல்லை.

அந்தப் பிள்ளைகளிடம் இது போய்ச் சேர்ந்த கதையிலும் திரிக்குப் பங்கு உண்டு. காயில் சுற்றி, பஞ்சு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது பொறுமையுள்ள பெரியவர்களின் பொழுதுபோக்கு. 2015இல் அமெரிக்காவில் ஜூல் வந்தது. பார்ப்பதற்குப் பென் டிரைவ் போல இருக்கும். திரியும் கம்பியும் திறக்க முடியாத குப்பிக்குள் போய்விட்டன. கழுவ வேண்டாம், மாற்ற வேண்டாம், தெரிந்துகொள்ளவும் வேண்டாம். நிக்கோட்டினை உப்பு வடிவில் சேர்த்ததால் அதிக அளவும் தொண்டையைக் கரிக்காமல் உள்ளே போனது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் இ-சிகரெட் பயன்படுத்துவோர் 2017இல் 11.7 சதவீதம், 2018இல் 20.8, 2019இல் 27.5. இரண்டே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்.

அதே 2019இல் நுரையீரல் பாதிப்பு அலை ஒன்றும் வந்தது. 2020 பிப்ரவரி வரை அங்கே 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். அவர்களில் 68 பேரின் மரணம் உறுதி செய்யப்பட்டது. கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. தோலில் பூசவும் மாத்திரையாக விழுங்கவும் பயன்படும் பொருள் அது. சூடாக்கி உறிஞ்சியபோது அதுவே ஆளைக் கொன்றது.

அதற்கடுத்து வந்தவை ஒரே முறை பயன்படுத்தி எறிபவை. 2023இல் பிரிட்டனில் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் குப்பைக்குப் போவதாகக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் மின்கலம், ஒரு கம்பி, ஒரு திரி. 2025 ஜூன் 1 முதல் அங்கே அவற்றின் விற்பனைக்குத் தடை.

நம் நாட்டில் சட்டம் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018லேயே தடை வந்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, டிசம்பரில் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முழுக் கருவி மட்டுமல்ல, அதன் எந்தப் பாகமும் என்று சட்டம் சொல்கிறது. அதாவது காயிலும் திரியும்கூட. முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருந்தும் கள்ளத்தனமாக வருகிறது. கள்ளத்தில் வரும் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பையில் பேனா போலவோ பென் டிரைவ் போலவோ பழ வாசனையோடு ஒன்று இருந்தால், எடுத்த உடனே கை ஓங்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை நம் கண்ணில் படாத இடத்தில் வைப்பான், அவ்வளவுதான். உட்காரவைத்து, அதற்குள் என்ன இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். காகிதக் கோப்பைச் சோதனையைச் செய்து காட்டுங்கள். தண்ணீர் வற்றிய பிறகு கோப்பைக்கு என்ன ஆகிறது என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். விட முடியவில்லை என்று சொன்னால் 1800-11-2356 என்ற தேசிய புகையிலை விடுவிப்பு உதவி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை.

கேட்ட தம்பிக்கு: உன் நண்பரிடம் சொல். சிகரெட்டை விடுவதற்காக இதைப் பிடித்தவர் என்றால், இதையும் விடுவதற்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளச் சொல். காயில் கழுவும் வேலையும் அன்றோடு தீரும்.

அடுத்த வாரம் பெட்ரோமாக்ஸ் மேன்டில் பற்றி எழுதுகிறேன். வீட்டில் பழைய பெட்ரோமாக்ஸ் வைத்திருப்பவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள்.